தேவாரம் கேட்ட மீன்

அத்தியாயம் 5

“மீன் இருக்கு. ஆனா இது என் மீன் இல்ல” என்றார் சிவசைலம் பிள்ளை.

ஆறடிக் கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டரை அடி அரோவனா ஒன்று போய்க்கொண்டிருந்தது. வெள்ளி நிறம், பட்டையான உடம்பு, மேல்நோக்கித் திறக்கிற பெரிய வாய். ஒரு முனைக்குப் போகும், முட்டுவதற்கு முன் திரும்பும், மறுபடி இந்த முனைக்கு வரும். ஓய்வு பெற்ற பிறகும் ஆபீஸ் வராந்தாவில் நடக்கிற அதிகாரியின் எரிச்சல் அதன் முகத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்திலும் அதே எரிச்சல்தான். இருவரும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை என்பதை நம்ப எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

“எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய? கையெழுத்து மாறியிருக்கா?” என்று கேட்டேன்.

லேகா அக்கா என் காலை மிதித்தாள். இது எங்கள் அலுவலக நடைமுறை.

என் பெயர் சுபின். ஊர் கூடங்குளத்துக்குப் பக்கம். மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்தவன். மீனுக்கு மூன்று வேளை தீனி போடுகிறவர்களைத் திருநெல்வேலிக்கு வந்த பிறகுதான் பார்க்கிறேன். அக்காவின் முழுப்பெயர் சித்ரலேகா. இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம், செத்துப்போனதாக எழுதிக் கொடுத்தவர்களை உயிரோடு கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஆதார் கார்டை நீட்டுகிறார்கள்.

பிள்ளை அந்தப் பாதியில் சேராதவர். டவுனில் பெரிய வீடு. தாமிரபரணிச் சைவ உணவு நெறிச் சங்கத்தின் தலைவர். நாலரை வருடத்துக்கு முன்னால் வாஸ்து பார்க்க வந்தவர் ஒருவர், வடகிழக்கு மூலையில் அரோவனா வைத்தால் வீடு விளங்கும் என்று சொல்லியிருக்கிறார். அரோவனா பிறவி வேட்டைக்காரன். பூச்சி, தவளை, சின்ன மீன் என்று தண்ணீருக்கு மேலே அசைவதையெல்லாம் எம்பிப் பிடித்துத் தின்கிற ஜாதி. இந்த வீட்டிலோ முட்டை டிவி விளம்பரத்தில் வந்தால்கூட சேனலை மாற்றுவார்கள். வேறு யாராவது என்றால் மீனை வேண்டாம் என்றிருப்பார்கள். பிள்ளை மீனைச் சைவமாக்கினார்.

“சாயங்காலம் பனீர் நாலு துண்டு, அவிச்ச கொண்டக்கடலை ஒரு கை. போட்டுட்டு நெல்லையப்பரக் கும்பிடப் போவேன். திரும்பி வந்து பாத்தா ஒரு துண்டு மிச்சம் இருக்காது. கார்த்திகைக்கும் சஷ்டிக்கும் உபவாசம். நாலு வருஷம்! ஊன் தொடல!”

“காலையில?”

“காலையில அதுக்குத் தேவாரம் மட்டுந்தான். செவிக்குணவு. ஆறரை மணிக்கு நான் பூஜையில உக்காந்து மணிய அடிச்சேன்னா, மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். கூடவே பாடுதுன்னு பாத்தவுக சொல்லுவாக. யூடியூப்ல ரெண்டு லட்சம் பேரு பாத்திருக்காக வே.”

நானும் பார்த்திருக்கிறேன். ‘புலால் மறுத்த மீன்’ என்று தலைப்பு. கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் தன் மாமனாரை இந்த மீனோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் மாநாடு. மேடையில் பெரிய திரை கட்டி, பிள்ளையின் வீட்டிலிருந்து மீன் பனீர் உண்பதை நேரலையில் காட்ட ஏற்பாடு. பிள்ளைக்கு ‘ஊன் துறந்த ஏந்தல்’ என்று பட்டம். கேமராவை எங்கே வைப்பது என்று பார்க்க ஒன்பது நாளைக்கு முன் சங்கச் செயலாளர் வந்திருக்கிறார். அடுக்களையில் வேலைக்காரி இசக்கித்தாயின் டிபன் கேரியர் இருந்திருக்கிறது. இடத்தை அளக்கிறேன் என்று அதை அவர் நகர்த்த, அது கவிழ்ந்து விழ, சைவத்தின் தலைமையகத்தில் உரித்த இறால் உருண்டோடியிருக்கிறது.

“அந்த நிமிஷமே அவள வெளிய அனுப்பிட்டேன். மறுநாள்லேர்ந்து மீன் எதையும் தொடல. ஆத்திரத்துல அவதான் என் மீனத் தூக்கிட்டு, இந்தப் பயல உள்ள விட்டுட்டுப் போயிட்டா.”

“இரண்டரை அடி மீன எப்படி அண்ணாச்சி தூக்கிட்டுப் போயிருப்பா? டவுன் பஸ்ஸுலயா? கண்டக்டர் டிக்கெட் கேட்டிருப்பாரே?” என்றேன். பிறகு யோசித்து, “பொம்பள மீன்னா டிக்கெட் கிடையாது” என்று திருத்திக்கொண்டேன்.

காலில் இரண்டாவது மிதி விழுந்தது.

“எனக்கு வேண்டியது ஒரு லெட்டர்” என்றார் பிள்ளை. “மீன் மாத்தப்பட்டிருக்குன்னு விசாரிச்சு ஒங்க கையெழுத்துல எழுதித் தாங்க. நாளைக்குக் காலையில அத வச்சு அவ மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். மேடையிலயும் வாசிச்சுக்கிடுவேன்.”

“அவ இந்தத் தெருவுல வேற எங்கயும் வேலை பாக்காளா?” என்று அக்கா கேட்டாள்.

“மூணு வீட்டுல பாத்தா. எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். எல்லாரும் நிறுத்திட்டாக.”

பதினோரு வருடம் வேலை பார்த்தவள், ஒரே நாளில் நாலு வீடும் போய், நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கப் போகிறாள். பிள்ளை இதை மளிகைச் சிட்டை வாசிக்கிற குரலில் சொன்னார். எனக்கு அங்கேயே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

பிள்ளையின் மனைவி பாலம்மாள் காப்பி கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். டம்ளரை எங்களிடம் நீட்டினாரே தவிர, கண் தொட்டியை விட்டு நகரவில்லை. நேற்று சாயங்காலம் பிள்ளை போட்ட பனீர் ஒரு மூலையில் ஊறி, தண்ணீர் அரிசி களைந்த நிறத்துக்கு வந்திருந்தது. “ஒம்பது நாளாச்சு” என்றார் பாலம்மாள். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அக்கா அந்த டிபன் கேரியரைக் கேட்டாள். பிள்ளை அதைப் பாலிதீன் பையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே சாட்சியாக வைத்திருந்தார். நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர்.

“எந்த அடுக்குல எறா இருந்துச்சு?”

“நாலுலயும்.”

“சோறு?”

“அதக் காணோம். கொழுப்பப் பாருங்க.”

அக்கா பூஜையறை வாசலுக்குப் போனாள். ஹாலைப் பார்த்த அறை. உள்ளே சுவரில் ஆளுயரத் திருச்செந்தூர் முருகன் படம், கண்ணாடி போட்டது. அதற்கு முன்னால் உட்காருகிற மணைப்பலகை. வெண்கல மணி அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

“மணி ஏன் மேல போயிட்டு?”

“வீட்டுக்குள்ள மாமிசம் வந்துட்டுதுல்லா? தீட்டுக் கழியப் புண்ணியாவாசனம் பண்ணாம மணிய எடுக்க மாட்டேன். ஒம்பது நாளா கோயில்லதான் பூஜை.”

“இந்த மீன் மணிச் சத்தத்துக்கு வருதா?”

“எங்க? அடிச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. நாஸ்திகப் பய.”

அக்கா தலையாட்டினாள். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது, “ஏல சுபின், நாம இனி ஒண்ணே ஒண்ணுதான் கண்டுபிடிக்கணும்” என்றாள்.

“மீன் எங்கன்னா?”

“மீன் என்ன தின்னுச்சுன்னு.”

*

ஷேக் மைதீனின் மீன் கடை மேலப்பாளையம் போகிற வழியில் இருக்கிறது. சின்னக் கடைதான். ஆனால் உள்ளே இருக்கிற பிராணிகள் எதுவும் சின்னது இல்லை. மூன்றடி நீளச் சிவப்புவால் கெளுத்தி ஒன்று தொட்டியின் அடியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்த மாமாவைப் போலக் கிடந்தது.

“பனீர் தின்னு அரோவனா நாலு வருஷம் இருந்துச்சுன்னா, நான் கடைய மூடிட்டு அல்வாக் கடை போட்டுருவேன்” என்றார் ஷேக் மைதீன். “அந்த மீன வித்ததே நாந்தான்க்கா. ‘இதுல சைவ ரகம் இருக்கா’ன்னு கேட்டாரு அண்ணாச்சி. எறா குடுங்க, கொம்பும் தலையும் கிள்ளிட்டுக் குடுங்க, தொட்டி மூடிக்கு மேல வெயிட் வைங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். தீனி டப்பா ஒண்ணு குடுத்தேன். பின்னால எழுதியிருந்தத வாசிச்சுட்டு, மீன்தூள் கலந்திருக்குன்னு மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரு.”

“ஒம்பது நாளா பட்டினி கிடக்கு.”

“இன்னும் பத்து நாள் தாங்கும். அதுக்குள்ள பசியில எம்பி, மூடியில முட்டி மூக்க ஒடச்சுக்கிடாம இருக்கணும்.”

“மணி அடிச்சா மேல வருதாமே?”

ஷேக் மைதீன் எழுந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். படுத்திருந்த கெளுத்தி விருட்டென்று மேலே வந்து, என் தலை நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்தது. நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன்.

“இதுவும் பக்தியா?”

“வயிறு” என்றார் அவர். “தெனமும் சாவி போட்டு ஃப்ரிட்ஜத் தொறந்துதான் தீனி எடுப்பேன். அந்தச் சத்தம் கேட்டா சோறுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. சத்தம் இருந்து சோறு இல்லன்னா நாலு நாள்ல மறந்திரும். இல்ல, ஒரு வாரம்னு வச்சுக்கிடுங்க.”

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைச் சத்தமில்லாமல் உதட்டில் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

“ஒரு வயித்தெரிச்சல் சொல்லுதேன், கேளுங்க” என்று ஷேக் மைதீன் தொடர்ந்தார். “அவரு பேச்சக் கேட்டுட்டு அதே தெருவுல இன்னும் மூணு வீட்டுல வேட்டை மீன் வாங்கினாங்க. அவியளும் பனீர் கோஷ்டிதான். ரெண்டு மாசத்துல செத்துரும், மறுபடியும் எங்கிட்ட வருவாவன்னு இருந்தேன். மூணு வருஷமாச்சு. ஒண்ணும் சாகல. எங்கிட்டத் தீனியும் வாங்கல. அந்தத் தெருவுல மட்டும் என்னதான் நடக்குன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.”

*

இசக்கித்தாய் பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தாள். மெலிந்த உடம்பு, என் தோள் உயரம்கூட இல்லை. மடியில் முறத்தை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பீடி சுற்றப் பழகிக்கொண்டிருந்தாள். சுற்றியதெல்லாம் சரியாக மடங்காமல் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “மீனுக்கு எறா போட்டது யாரு?”

“நாந்தான்” என்றாள் உடனே. “வாயில்லா ஜீவன் பட்டினி கெடந்தா எனக்குத் தாங்காது. போலீசுல சொல்லணும்னாலும் நாந்தான்னு சொல்லுதேன்.”

கேஸ் முடிந்தது என்று நான் எழுந்தேன். அக்கா எழவில்லை.

“எத்தன மணிக்குப் போடுவ?”

“வேலைக்கு வந்ததும். ஒம்பது மணிக்கு.”

“எப்படி?”

“மூடியத் தொறந்து கையாலதான்.”

“அந்தத் தொட்டி மூடி என் நெத்திக்கு வருது. மேல ரெண்டு செங்கல் வேற. இசக்கி, முக்காலி போடாம உனக்கு எட்டாது.”

இசக்கித்தாய் முறத்தை ஓரமாக நகர்த்தினாள்.

“நாலு அடுக்குல எறா. உன் சாப்பாடா?”

“எனக்குப் பசி ஜாஸ்தி” என்றாள் அந்த மெலிந்த பெண்.

நான் சிரிக்கத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

“யாரக் காப்பாத்துத?” என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

இசக்கித்தாய் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணினப்ப என் கூடப் பொறந்தவ வரல. அந்த வீட்டு அம்மா மூணு நாள் ஆஸ்பத்திரியில என் பக்கத்துல தரையில படுத்துக் கெடந்தாவ. வேற ஒண்ணும் எங்கிட்டக் கேக்காதீங்கம்மா.”

“கேக்கல. எங்க கூட வா.”

“போலீசுக்கா?”

“இல்ல. பூஜைக்கு.”

*

சாயங்காலம் ஐந்தரைக்கு நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கியபோது, பிள்ளை வாசலில் கையை விரித்து மறித்தார். “அவ உள்ள வரக் கூடாது!”

“அவ வாசல்லயே நிக்கட்டும், அண்ணாச்சி. வாசல் தொறந்திருக்கட்டும்” என்றாள் அக்கா. “லெட்டர் எழுதறதுக்கு முன்னால ஒரு சின்னச் சோதனை.”

பிள்ளை பதில் சொல்வதற்குள் அவள் நேராகப் பூஜையறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து மணியை எடுத்து மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அய்யய்யோ! அத எடுக்காதீங்க!”

மணி அடித்தது.

முனைக்கு முனை நடந்துகொண்டிருந்த மீன் நின்றது. அடுத்த நொடி ஒரே பாய்ச்சலில் தொட்டியின் இடது மூலைக்கு வந்தது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்து, அப்படியே நின்றது. பாடுகிற மாதிரிதான் இருந்தது. வீடியோவில் பார்த்த அதே மூலை, அதே வாய்.

பிள்ளை ஒரு கணம் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். “முருகா! பாத்தீங்களா பக்திய! என் மீன் திரும்பி வந்துட்டு!”

“எந்த ரூட்ல வந்துச்சு அண்ணாச்சி?” என்றேன். இந்த முறை அக்கா என் காலை மிதிக்கவில்லை. தூரத்தில் இருந்தாள்.

“அப்ப இது உங்க மீன்தான். யாரும் மாத்தல. காலையில மணி அடிச்சாத் திரும்பிப் பாக்கலன்னு சொன்னீங்க. அதுக்கு அரை நிமிஷம் முன்னாலதான், ஒம்பது நாளா மணியவே எடுக்கலன்னும் சொன்னீங்க. சோறு போடாம தெனமும் மணி அடிச்சிருந்தா இந்நேரம் இது மறந்திருக்கும்” என்றாள் அக்கா. “இசக்கி வேலைக்கு வாறது ஒம்பது மணிக்கு. இந்த மீனுக்குச் சோறு வந்தது ஆறரை மணிக்கு, மணிச் சத்தத்தோட. தேவாரத்துக்கு வாயத் தொறக்கல, அண்ணாச்சி. எறாவுக்குத் தொறந்துச்சு.”

மீன் இன்னும் வாயை மூடவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

“அது பசிக்குதுன்னு கேக்கு” என்றார் பாலம்மாள்.

எல்லோரும் திரும்பினோம். அவர் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நாந்தான் போட்டேன். மொத ரெண்டு வாரம் நீங்க போட்ட பனீர அது மோந்துகூடப் பாக்கல. வயிறு ஒட்டி, முள்ளு தெரிய ஆரம்பிச்சுட்டு. நீங்க கோயிலுக்குப் போன ஒடனே பனீர வலையால அள்ளி எடுத்துருவேன். இசக்கியத்தான் எறா வாங்கியாரச் சொன்னேன். ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வச்சேன். ஒங்களுக்குச் சர்க்கரை, அந்தப் பக்கம் போக மாட்டீங்க. காலையில நீங்க பாட ஆரம்பிச்சதும் நீள இடுக்கியால எடுத்துக் குடுப்பேன். அந்தக் கையோட பூஜையறைக்கு வரக் கூடாதுன்னு தெனமும் ரெண்டாந்தரம் தலைக்குக் குளிச்சேன். மார்கழியிலயும் குளிச்சேன்.” தொட்டிப் பக்கத்தில் வந்து நின்றார். “அவள வெளிய அனுப்பின அன்னையோட எறாவும் தீந்துட்டு, பனீரயும் நான் எடுக்கல. ஒங்க கண்ணால நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன். வாயத் தொறந்து சொல்லத்தான் தைரியம் வரல.”

பிள்ளை நாற்காலியில் விழுந்தார். நெஞ்சில் கை வைத்தார். “என் வீட்டுல! நாலு வருஷம்! எனக்குத் தெரியாம!”

நன்றாகத்தான் நடித்தார். சங்கக் கூட்டங்களில் பழகியிருப்பார்.

“சுபின், இங்கன வந்து இந்தப் பலகையில உக்காரு” என்றாள் அக்கா. அவள் எழுந்துகொண்டாள், நான் உட்கார்ந்தேன். “முன்னால என்ன தெரியுது?”

“முருகன்.”

“நல்லாப் பாரு.”

பார்த்தேன். முருகன் படத்துக் கண்ணாடியில், எனக்குப் பின்னால் இருந்த ஹால் முழுவதும் தெரிந்தது. தொட்டி விளக்கு வெளிச்சத்தில் இடது மூலை பளிச்சென்று இருந்தது. திறந்த வாயோடு மீன். அதற்குப் பக்கத்தில் பாலம்மாள்.

“அக்கா, முருகன் வேலுக்கு நேரா மீன் தெரியுது” என்றேன். “ஷோரூம் மாதிரி தெரியுது.”

“தெனமும் இருபது நிமிஷம், நாலு வருஷம். இதே எடத்துல உக்காந்து பாடினவருக்கு எதுவுமே தெரியாதாம்.”

“நான் கண்ண மூடித்தான் பாடுவேன்!” என்று பிள்ளை எழுந்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் பாலம்மாள் பேசினார். மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரி.

“போன ஐப்பசியில ஒரு நாள் அது சண்டித்தனம் பண்ணிச்சு. எறாவத் துப்பித் துப்பி, கடைசி வரைக்கும் முழுங்கல. நீங்க பாட்ட முடிச்சுத் திரும்பிருவீகளேன்னு எனக்கு ஒரே பயம். ஆனா நீங்க முடிக்கல. அன்னைக்கு மட்டும் மேல ரெண்டு பதிகம் பாடினீக. அது முழுங்கினப்புறந்தான் நிறுத்தினீக.” அவர் கணவரை நிமிர்ந்து பார்த்தார். “சாமி காப்பாத்திட்டுன்னுல்லா இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

பிள்ளை மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நெஞ்சில் கை வைக்கவில்லை.

“மொத நாளே பாத்துட்டேன்” என்றார். “எழுந்து வந்து கேட்டிருந்தா நீ நிறுத்தியிருப்ப. நிறுத்தியிருந்தா அது செத்திருக்கும். எனக்கும் அது செத்துரக் கூடாதுன்னுதான் இருந்துச்சு, பாலம்மா. பைய யூடியூப்காரன் வந்தான். அப்புறம் சங்கத்துல பேசச் சொன்னாக. அப்புறம் எப்படி நான் எறங்க?”

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மறு நிமிஷமே அவர் அதைக் கெடுத்துக்கொண்டார்.

“செயலாளர் முன்னால கேரியர் கவுந்துட்டு. வேற என்னத்தச் சொல்ல? வேலைக்காரிதானேன்னு...”

வாசலில் நின்ற இசக்கித்தாய் நிலைப்படி வரை வந்தாள். இப்போது பேசினாள், பிள்ளையிடம் இல்லை.

“அவுகள விடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாம்மா?”

“சொல்லியிருக்கணும்” என்றார் பாலம்மாள். சொல்லும்போதே அழுதுவிட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார், இசக்கித்தாயின் கையைப் பிடித்தார்.

“எங்க போற?” என்றார் பிள்ளை.

“மூணு வீட்டுக்கும். எறா போட்டது நானு, இவ இல்லன்னு சொல்ல.”

“பாலம்மா! ஞாயித்துக்கெழம முடியட்டும்! திங்கக்கெழம நானே வந்து சொல்லுதேன்!”

“திங்கக்கெழம சொன்னா, அதுக்குள்ள இவ ஸ்டேஷனுக்கு அலையணும்.”

பிள்ளை கடைசி நம்பிக்கையாக அக்காவைப் பார்த்தார். “அந்த லெட்டர்...”

அக்கா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘மீன் மாறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் மடியில் வைத்தாள். “மேடையில வாசிங்க” என்றாள்.

நாங்களும் பின்னாலேயே போனோம். தெருவில் இன்னும் வெயில் இருந்தது. எதிர்வீடு மஹாலக்ஷ்மியின் வீடு. பிள்ளை சொன்னதும் இசக்கித்தாயை முதலில் நிறுத்தியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மாநாட்டில் இறைவணக்கம் பாடப் போகிறவரும் அவர்தான். பாலம்மாள் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

கதவு ஒரு சாண் திறந்தது. மஹாலக்ஷ்மி பாலம்மாளைப் பார்த்தார். பின்னால் நின்ற இசக்கித்தாயைப் பார்த்தார். பாலம்மாள் வாயைத் திறப்பதற்குள் வெளியே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி இசக்கித்தாயிடம் கேட்டார்.

“வந்துட்டியா? எறா கொண்டாந்தியா? எங்க வீட்டுது ஒம்பது நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்குதுடி.”

பாலம்மாள் அப்படியே நின்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். நாலு அடுக்கு, நாலு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற மூன்று வீட்டு மீனும் சைவம். எல்லா வீட்டு ரகசியமும் தெரிந்த ஒரே ஆளைத்தான் நாலு வீடும் சேர்ந்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு கதவுகள் திறந்தன. அங்கிருந்தும் இரண்டு முகங்கள் இசக்கித்தாயின் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தன.

இசக்கித்தாய் பாலம்மாளின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள்.

“கொண்டாருவேன்க்கா. ஆனா இனிமே ஒளிச்சு வச்சு இல்ல. கூடையில வச்சு, தலையில தூக்கிட்டு, எறா எறான்னு கூவிக்கிட்டுத் தெரு வழியா வருவேன். வேணுங்கறவுக வாசலுக்கு வந்து எல்லாரு முன்னாலயும் வாங்கிக்கிடணும்.”

மஹாலக்ஷ்மி தெருவின் இந்த முனையைப் பார்த்தார். அந்த முனையைப் பார்த்தார். திறந்திருந்த கதவுகளைப் பார்த்தார்.

“எத்தன மணிக்கு வருவ?” என்றார்.